எங்கே போயின 800,000 மான்கள்?

கனடாவின் 25 காசு நாணயம் கைக்கு வந்தால் திருப்பிப் பாருங்கள். கிளைவிட்ட கொம்புகளோடு ஒரு மான் தலை இருக்கும். 1937ல் அதில் இடம்பிடித்த கரிபூ அது. ஆண்டிறுதியில் நம் கடைத்தொகுதிகளில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுத்தபடி நிற்குமே ரெய்ண்டீர், அதே இனம்தான். பெரிய ஆண் மான்களின் கொம்பு டிசம்பருக்குள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். சினையாக இருக்கும் பெண் மான்கள் குட்டி போடும்வரை கொம்போடு இருக்கும். ஆக, தாத்தாவின் வண்டியை இழுப்பது பெண்கள்தான் என்பது என் கணிப்பு.

சில வாரங்களாக நான் தேடித் தேடிப் படிப்பது ஒரே ஒரு மந்தையைப் பற்றி. கிழக்குக் கனடாவில், கியூபெக், லாப்ரடார் பகுதிகளில் திரியும் ஜார்ஜ் ஆற்று மந்தை. குளிர்காலத்தில் ஊசியிலைக் காடுகளுக்குள் இருக்கும். பனியைக் குளம்பால் தோண்டி, அடியில் கிடக்கும் லைக்கனைத் தின்னும். நாம் பிரியாணியில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். வசந்தம் வந்ததும் சினை மான்கள் முன்னே நடக்க, மரமில்லாத வடக்கு மேட்டுநிலத்துக்குக் குட்டி ஈனப் புறப்படும்.

1984ல் கனியாபிஸ்கோ ஆற்றைக் கடக்கும்போது வெள்ளத்தில் சுமார் 10,000 கரிபூக்கள் மூழ்கி இறந்தன. அப்போதும் மந்தை சளைக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 800,000 மான்கள். பிறகுதான் சரிவு. 2010ல் 74,000. 2018ல் 5,500. அதாவது, அன்று ஒரே ஆற்றில் மூழ்கியவற்றில் ஏறக்குறைய பாதிதான் மொத்த மந்தையே.

காரணம் ஒன்றல்ல. பெருகிய மந்தை தன் கோடைக்கால மேய்ச்சல் நிலத்தைத் தானே மிதித்துத் தின்று தீர்த்தது என்பது முக்கியமான விளக்கம். லைக்கன் மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதோடு வெப்பமடையும் பருவநிலை, ஓநாய், கரடி, துப்பாக்கி எல்லாம் சேர்ந்துகொண்டன.

2013ல் லாப்ரடாரில் வேட்டைக்கு அரசு தடை போட்டது. இந்த எண்களைப் பார்த்தால் வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால், விமானத்தில் வந்து கொம்புக்காகச் சுட்டவர்கள் வேறு காட்டைத் தேடிப் போகலாம். அங்கேயே பல தலைமுறைகளாக வாழும் இன்னு மக்கள் எங்கே போவார்கள்? அவர்களுக்குக் கரிபூ வெறும் இறைச்சியல்ல. எலும்பை நாய்க்குப் போடுவதுகூட அவமரியாதை. காலெலும்பை இடித்துக் கொதிக்கவைத்து எடுக்கும் கொழுப்பை ஊரே பகிர்ந்துண்ணும் விருந்துக்கு மகுஷான் என்று பெயர். எங்களைக் கேட்காமல் போட்ட தடை என்று இன்னு வேட்டைக்காரர்கள் சிலர் காட்டுக்குப் போகவே செய்தனர்.

அதே 2013ல் இன்னு, இனுயிட், கிரீ, நாஸ்காப்பி மக்கள் பழைய மனத்தாங்கல்களை ஒதுக்கிவிட்டு, கரிபூக்களுக்காகவே ஒரு வட்டமேசையில் கூடினார்கள். யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதுதான் பேச்சு.

2020ல் எண்ணிக்கை 8,100 ஆனது. 2022ல் 7,200. தடை வந்த ஆண்டில் பிறந்த இன்னுப் பிள்ளைகள் இப்போது பதின்ம வயதை எட்டுகிறார்கள். ஜார்ஜ் ஆற்றுக் கரிபூவைத் தாத்தாவோடு வேட்டையாடிப் பழகவேண்டிய வயது அது.