பழுதான சிக்னலும் விளையாட்டில் வரட்டும்

ரயில் ஓட்டும் விளையாட்டுகள் நம் இளைஞரின் கைபேசிகளில் குடியேறி, சென்னையிலுள்ள ஹைப்ரோ இன்டராக்டிவ் போன்ற நிறுவனங்களே அவற்றைத் தயாரிக்கும் காலம் வந்துவிட்டபடியால், ஓசூர்வாசி என்ற முறையில் அவற்றை ஆக்குவோரிடம் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறேன். எஞ்சினின் ஒலியையும் பெட்டிகளின் வர்ணத்தையும் தத்ரூபமாகக் காட்டுவதற்குச் செலவிடும் சிரத்தையில் ஒரு பங்கையேனும், சிக்னல் பழுதுபடுவதையும் அப்போது நடக்கும் காரியங்களையும் உள்ளபடி காட்டுவதற்கு அவர்கள் செலவிட வேண்டும்.

சிக்னல் பழுது என்றதும், சிவப்பு எரிய வேண்டிய இடத்தில் பச்சை எரிவதையே பலரும் கற்பனை செய்துகொள்கின்றனர். அது மிக அபூர்வம். தண்டவாளத்தில் ஓடும் மின்சுற்று அறுந்துபோனால், காலியான பாதையிலும் வண்டி நிற்பதாகவே கருவி கொள்ளும். சிக்னல் சிவப்பிலேயே நின்றுவிடும். பழுது எதுவாயினும் அது வண்டியை நிறுத்தும் பக்கமே சாய வேண்டும் என்பது இத்துறையின் ஆதார நியதி. ஆகையால், மெய்யான பழுதின் பெரும்பகுதி காத்திருப்பதுதான். தானியங்கி சிக்னல் சிவப்பிலேயே இருந்தால், பகலில் ஒரு நிமிஷமும் இரவில் இரண்டு நிமிஷமும் நின்று, பிறகு மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேற்படாமல், எந்தத் தடையின் முன்பும் நிறுத்தத் தயாராக ஊர்ந்து செல்ல வேண்டும். நிலையத்து சிக்னலானால், ஸ்டேஷன் மாஸ்டரின் அனுமதிச் சீட்டு போன்ற முறையான அதிகாரம் கிடைக்கும்வரை நகரலாகாது.

இந்தப் பொறுமை எத்தனை உயிர்களுக்குச் சமானம் என்பதை, 2024 ஜூன் 17 அன்று மேற்கு வங்கத்தின் ரங்காபாணி அருகே, விடியற்காலை முதல் தானியங்கி சிக்னல்கள் பழுதுபட்டிருந்த பாதையில், காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்புறம் சரக்கு வண்டி மோதிய துயரச் சம்பவம் காட்டிற்று. ஓட்டுநருக்குக் கொடுத்த சீட்டில் வேகம் குறிக்கப்படவில்லை என்றும், இத்தகைய நிலையில் வண்டி ஓட்டுவது குறித்து ஊழியருக்குப் போதிய பயிற்சி இல்லை என்றும் பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கூறிற்று. கருவி பழுதான பின்பு பாதுகாப்பு முழுவதும் மனிதரின் எழுத்திலும் புரிதலிலும் வந்து நிற்கிறது. விளையாட்டுகள் காட்டாமல் விடுவது இந்தக் கட்டத்தைத்தான்.

அபூர்வமான மற்றொரு பழுதும் உண்டு. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநாகா பஜாரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்குப் பிரதான பாதைக்குரிய பச்சை விளக்கு காட்டப்பட்டிருக்க, பாதையோ சரக்கு வண்டி நின்ற கிளைப் பாதைக்குத் திரும்பியிருந்தது. மின்கம்பி இணைப்பில் நேர்ந்த பிழைகளால் விளைந்த அந்த விபரீதத்தில் 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஓசூர் நிலையமும் அடங்கியுள்ள தென்மேற்கு ரயில்வேயில், அதற்கு நான்கு மாதங்களுக்கு முன் பிப்ரவரி 8 அன்றே, ஹொசதுர்கா ரோடு நிலையத்தில் தவறான பாதை அமைந்திருப்பதைக் கண்டு லோகோ பைலட் வண்டியை நிறுத்தியதால் மோதல் தவிர்ந்தது. அந்தக் கண்களின் விழிப்பை விளையாடுபவனும் பழகிக்கொள்ளட்டும்.

பழுதைக் காட்டினால் பீதி பரவும் என்பாரும், சுவை கெடும் என்பாரும் உண்டு. எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளைப் போன்ற இடங்களில், ஷிப்ட் தொடங்குகையில் வேண்டுமென்றே ஒரு பழுதான பாகத்தைச் சோதனைக் கருவிக்குக் கொடுத்து, அது பிடிபடுகிறதா என்று பார்ப்பது பழக்கந்தான்; அதனால் யாரும் அஞ்சுவதில்லை. பிரிட்டனில் தோன்றிய சிம்சிக் என்னும் சிக்னல் இயக்க விளையாட்டில் பழுதுகளையும் வரவழைத்து ஆடலாம். அதனால் அதன் சுவை குன்றிவிடவில்லை.

ஓசூரிலிருந்து தருமபுரி வழியாக ஓமலூர் செல்லும் ஒற்றைப் பாதையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்களையும் லோகோ பைலட்டுகளையும் அருகில் அமர்த்திக்கொண்டு, சிக்னல் பழுதான ஓர் இரவை, விதி மாறாமல், அவசரப்படாமல் அமைத்துக் கொடுங்கள்.