அட்டை இருக்கிறது, இழப்பீடு எங்கே?

“வீட்டிலே வழுக்கி விழுந்ததாகச் சொல்லு தம்பி! உன்னிடந்தான் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, காலணாச் செலவில்லை!”

பவர் பிரஸ்ஸிலே கட்டைவிரலைப் பறிகொடுத்த தொழிலாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும்போது பட்டறை முதலாளிகள் பேசுகிற பரிவு மொழி இது. கேட்பவர் உருகிவிடுவார். நாம் உருகத் தயாராயில்லை.

அட்டையை நாம் குறை கூறவில்லை. 2009-இல் கலைஞர் ஆட்சி காப்பீட்டைத் தொடங்கியது. 2012 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. நோய் கண்ட ஏழை கடன்படாமல் பிழைக்க வந்த திட்டம். முதலாளியின் கடனை மக்கள் வரிப்பணத்திலே அடைக்க வந்ததல்ல!

காப்பீடு ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கும். அத்தோடு அதன் வேலை முடிந்தது. போன விரலுக்கு என்ன? வேலையற்ற நாட்களுக்குக் கூலி? அவை இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்கு. 1923-லேயே வெள்ளைக்கார ஆட்சி சட்டமாக்கிய உரிமை. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலே இருக்கிறது. (அந்தத் தொகுப்போடு நமக்குள்ள சண்டை வேறு, இன்னொரு நாள் பேசுவோம்.)

ஈ.எஸ்.ஐ. உள்ளவரைப் பாருங்கள். வேலைக்காயம் என்று பதிவானால், ஆறும்வரை கூலியில் 90 விழுக்காடு. கட்டைவிரல் போனால் உழைக்கும் திறனில் 30 விழுக்காடு போனதாகச் சட்டத்தின் அட்டவணை கூறுகிறது. மாதம் 15,000 ரூபாய் வாங்கியவருக்கு ஏறக்குறைய 4,000 ரூபாய், ஆயுள் முழுவதும்! அதே காயம் ‘வீட்டில் வழுக்கியது’ என்று ஏறினால் வெறும் நோய்ப்படிதான்: 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள், பிறகு கைவிரிப்பு. ஈ.எஸ்.ஐ. இல்லாத இடமானால் இழப்பீடு முதலாளியின் பெட்டியிலிருந்தே வரவேண்டும். பரிவின் ஊற்று எங்கே என்று இப்போது விளங்குகிறதா?

“உன் கவனக்குறைவுதானே?” என்று மிரட்டுவார்கள். வெறும் கவனக்குறைவு இழப்பீட்டைப் பறிக்காது. குடித்திருந்தால், இயந்திரத்தின் காப்பை வேண்டுமென்றே கழற்றியிருந்தால் வாதாடலாம். அந்தக் காப்பைக் கழற்றச் சொல்லி உற்பத்தி கேட்பவர் யார் என்பது பட்டறைக்குப் பட்டறை தெரிந்த கதை.

தோழர்களே, காயம்பட்டவர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போது உடன் இருங்கள். அவசரப் பிரிவு மருத்துவர் விபத்துப் பதிவேட்டிலே எழுதும் முதல் வரிதான் பின்னாள் வழக்கின் உயிர். எந்தப் பட்டறை, எந்த இயந்திரம், எத்தனை மணி என்பதை அவர் வாயாலேயே சொல்லட்டும். எழுதியதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். முதலாளி தம் காரிலே அவரை ஏற்றிச் சென்றால், நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள்.