உராய்வை அளக்கும் சிறு வில்லை

காற்றும் உராயும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயின், சீராகப் பறக்கும் பயணிகள் விமானத்தைப் பின்னிழுக்கும் விசையில் ஏறத்தாழப் பாதி, அதன் மேற்பரப்பில் காற்று உராய்வதால் விளைவதே.

ஸ்கிராம்ஜெட் எஞ்சினுக்கோ இது வாழ்வா சாவா என்னும் வினா. உட்புகும் காற்று ஒலியினும் விரைந்தோட, அதிலேயே எரிபொருள் எரிகிறது. உந்துவிசையில் பின்னிழுப்பைக் கழித்தால் எஞ்சுவது சொற்பம். உராய்வுக் கணக்கு சற்றே பிசகினால் ஊர்தி முன்னேறாது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 1987இல் டி4 என்னும் அதிர்ச்சியலைக் காற்றுச் சுரங்கம் இயங்கத் தொடங்கியது. அதில் சோதனைக் காற்று நிலையாக வீசுவது சில மில்லி விநாடிகளே; கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை! அதற்குள் அளந்தாக வேண்டும்.

மாதிரியின் சுவரோடு சமமாகப் பதித்த சிறு வில்லை. அதனடியில், விசைபட்டால் மின்னூட்டம் தரும் பீங்கான். நம் சமையலறை கேஸ் லைட்டர் பலவற்றில் பொறி எழுப்புவதும் இவ்வினப் பொருளே. காற்று வில்லையைப் பக்கவாட்டில் இழுக்க, மின்குறி பிறக்கிறது.

இடர் இங்கேதான். செங்குத்தாக அழுத்தும் விசை உராய்வினும் பன்மடங்கு பெரிது. வெப்பமும் அதிர்வும் பொய்க்குறி எழுப்பும். வில்லை மயிரிழை உயர்ந்து நின்றாலும் காற்றோட்டமே கலைந்துவிடும். அதிர்வைக் கழிக்க, காற்றுப் படாது மறைத்த மற்றோர் அளவியை அருகே வைப்பதும் உண்டு.