சங்கை ஊதுவது யார்?

மனிதன் மறப்பான், இயந்திரம் மறவாது. மனிதன் உறங்குவான், இயந்திரம் உறங்காது. இதுவே இன்று ஆலையதிபர்களின் அவைகளிலே பாடப்படும் புதுப் பல்லவி. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதாம்; இனி இரசாயன ஆலைகளிலே வெப்பத்தைப் பார்க்கவும், அழுத்தத்தை அளக்கவும், வால்வைத் திருகவும் ஆள் எதற்கு என்று கேட்கிறார்கள். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் மணலியிலும் எண்ணூரிலும் வாழும் நாம் அக்கேள்விக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள். அவர்களுக்கு அது இலாபக் கணக்கு. நமக்கோ மூச்சுக் காற்று!

இயந்திரத்தின் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. ஜப்பான் நாட்டிலே, யோகோகாவா, ஜே.எஸ்.ஆர். எனும் இரு நிறுவனங்கள், 2022ஆம் ஆண்டு தொடக்கத்தில், ஓர் இரசாயன ஆலையின் வடிகலத்தை 35 நாட்கள் தொடர்ந்து செயற்கை நுண்ணறிவின் பொறுப்பிலே விட்டுப் பார்த்தன. அனுபவம் முதிர்ந்த தொழிலாளி கையாண்டுவந்த வால்வுகளை அதுவே இயக்கிற்று, வென்றும் காட்டிற்று. அடுத்த ஆண்டே அம்முறை அந்த ஆலையில் நிலைபெற்றது. நச்சு நெடியிலே நின்று நுரையீரலைத் தேய்த்துக்கொள்ளும் வேலையை இயந்திரம் ஏற்குமானால், அதை இருகரம் நீட்டி வரவேற்பவர்களும் நாமே. நமது வழக்கு இயந்திரத்தோடு அன்று. அதைக் காட்டி ஆளைக் குறைத்து, காவலையும் குறைக்க நினைப்பவர்களோடுதான்!

கருவி இல்லாமலா போபால் சுடுகாடாயிற்று? 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவை நினைத்துப் பாருங்கள். யூனியன் கார்பைடு ஆலையிலே நச்சுத் திரவத்தைக் குளிர்விக்கும் பொறி இருந்தது; ஆனால் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். கசியும் வாயுவை எரித்தழிக்கும் கோபுரம் இருந்தது. அதற்குச் செல்லும் குழாயோ கழற்றப்பட்டுக் கிடந்தது. அப்பிரிவின் தொழிலாளர் எண்ணிக்கை, சிக்கனத்தின் பெயரால், முன்னமேயே வெட்டப்பட்டிருந்தது. ஆயிரமாயிரம் பேர் மாண்டனர். கருவி இருந்தது, அதைக் காக்க மனம் இல்லை. அதுதானே போபால் புகட்டிய பாடம்?

அப்பாடத்தை நாடு கற்றதா? 2020 மே 7 விடியற்காலையில், விசாகப்பட்டினத்து எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து கிளம்பிய ஸ்டைரின் ஆவி 12 உயிர்களைக் குடித்தது. ஆந்திர அரசு அமைத்த உயர்மட்டக் குழு ஆராய்ந்து கண்டது என்ன? பெருங்கலத்தின் அடிப்பகுதியிலே மட்டும் வெப்பமானி! நடுவிலும் மேலேயும் வெப்பம் ஏறிக்கொண்டே இருந்ததை அறிவிக்க அங்கே கருவி இல்லை. அபாயச் சங்கை ஒலிக்கச் செய்ய 36 இடங்களில் வசதி இருந்தது. ஓரிடத்திலிருந்தும் சங்கு ஒலிக்கவில்லை!

இங்கேதான் தோழர்கள் ஊன்றி நோக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு எங்கிருந்து அறிவு பெறும்? அந்த வெப்பமானியிடமிருந்துதான்! சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அடியிலே மட்டும் கருவியை வைத்துவிட்டு, அதன்மேல் ஆயிரம் கணிப்பொறிகளை அடுக்கினாலும், எல்லாம் நலம் என்றுதானே அவை அறிவிக்கும்?

தொலைவில் ஏன் தேட வேண்டும்? நம் எண்ணூருக்கே வாருங்கள். 2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் நெடி தாங்காமல் கண் எரிய, நெஞ்சு அடைக்க, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளிலே ஓடினார்கள். ஐம்பதுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். காற்றில் ஒரு கனமீட்டருக்கு 400 மைக்ரோகிராம் என்பது வரம்பு. ஆலை வாயிலிலே 2090 இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. எண்ணை அளந்தது கருவி. நச்சை அளந்தது நம் மக்களின் நுரையீரல்!

கடலடிக் குழாய்க்கு உணர்கருவி வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆனால் உணர்கருவி உணர்ந்தபின் என்ன நடக்கும் என்பதல்லவா கேள்வி? ஆலையை நிறுத்தினால் ஒரு நாள் உற்பத்தி போகும்; நிறுத்தாவிட்டால் ஒரு குப்பமே போகும். அந்த நொடியிலே, நிறுத்து என்று சொல்லும் துணிவு யாருக்கு வரும்? நாளை வேலை உண்டா இல்லையா என்றறியாத ஒப்பந்தத் தொழிலாளிக்கா? தொலைநகரத்திலே குளிர்சாதன அறையில் அமர்ந்து திரையைப் பார்ப்பவருக்கா?

மனிதனும் தவறுவானே என்பார்கள். தவறுவான்! ஆகவேதான் அவனுக்குக் கருவி துணை வேண்டும். கருவிக்கும் அவன் துணை வேண்டும். இரு கண்ணும் வேண்டும் என்பது நமது வாதம். ஒரு கண்ணைக் குத்திவிட்டு மறு கண்ணுக்கு மை தீட்டுவது அவர்கள் திட்டம்.

சட்டத்தின் கதையையும் கேளுங்கள். போபாலின் பிணக்குவியலுக்குப் பின், 1987ஆம் ஆண்டு, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அபாயம் நிறைந்த ஆலையிலே, தொழிலாளரும் நிர்வாகமும் சரிபாதியாக அமரும் பாதுகாப்புக் குழுவை அமைத்தே தீரவேண்டும் என்றது அத்திருத்தம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அப்பழைய சட்டத்தை விழுங்கிற்று. புதியது என்ன சொல்கிறது? அரசு ஆணையிட்டால் குழு அமையுமாம்! 'தீரவேண்டும்' என்பது 'ஆணையிட்டால்' எனத் தேய்ந்துவிட்டது. இயந்திரத்தின் அறிவு வளர்கிறது. தொழிலாளியின் உரிமை தேய்கிறது. இதுவா முன்னேற்றம்?

ஆகவே நாம் கேட்பவை நான்கு. இயந்திரம் வந்ததைக் காரணம் காட்டி, பாதுகாப்புப் பணியில் ஓர் ஆளைக்கூடக் குறைக்கக் கூடாது. உணர்கருவி அளக்கும் அளவுகள் தொழிற்சங்கத்திற்கும், குப்பத்து மக்களுக்கும் அந்த நொடியே தமிழிலே தெரியவேண்டும். ஆபத்தென்று கண்டு ஆலையை நிறுத்தும் தொழிலாளியின்மீது எந்த நடவடிக்கையும் கூடாது. அவர் ஒப்பந்தத் தொழிலாளியாயினும் சரி. புதிய பொறிகளை இயக்கும் பயிற்சியும் வேலையும், ஆலைப் புகையைச் சுவாசித்து வளர்ந்த வடசென்னைப் பிள்ளைகளுக்கு முதலில் கிடைக்கவேண்டும்.

இவை யாரோ கருணையால் தரும் பிச்சையல்ல. 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரைத் திரட்டிச் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்ட மண் இது. 1923இல் இந்தியாவிலேயே முதல் மே நாளைக் கொண்டாடிய சிங்காரவேலரின் ஊர் இது. உரிமையைக் கேட்டுப் பெறுவது இம்மண்ணின் வழக்கம்.

கிளைத் தோழர்களே! இந்நான்கையும் ஆலை வாயில்தோறும், குப்பந்தோறும் கொண்டு செல்லுங்கள். ஊதுகிற சங்கை ஊதிவைப்போம், விடிகிறபோது விடியட்டும் என்று சோம்பி இருக்கும் காலம் இதுவன்று. ஆலையின் சங்கு ஊரைக் காக்க ஊதாவிட்டால், ஊருக்கே சங்கு ஊத நேரும். அதை ஊதும் உரிமை உழைப்பவன் கையிலே இருக்கட்டும்!