'அனுபவம்' உலையில் வேகுமா?

கல்லூரிப் பரீட்சை முடியும் மாதம் நெருங்கிவிட்டால், ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தொழிலாளி வீடுகளில் ஒரு புதுத் தேடல் ஆரம்பமாகிவிடுகிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரின் மகனும், காசிமேட்டில் மீன் விற்கும் தாயின் மகளும், பொன்னேரிப் பக்கம் நாற்று நடும் கூலித் தொழிலாளியின் பிள்ளையும் இரவு பகலாக மனுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எதற்கு? சம்பளத்துக்கு வேலை கேட்டா? இல்லை. சம்பளம் இல்லாமல் வேலை செய்ய இடம் கேட்டு!

இதற்கு இன்டர்ன்ஷிப் என்று பெயர். கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு கம்பெனியிலோ ஆராய்ச்சிக் கூடத்திலோ இரண்டொரு மாதம் பயிற்சி பெற வேண்டும். அதற்குச் சான்றிதழ் வாங்கிவர வேண்டும்.

"பிள்ளைகளின் படிப்புக்கும் நம் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சில தோழர்கள் கேட்கக் கூடும். சம்பந்தம் உண்டு, தோழர்களே! ஆலைக்கு உள்ளே உங்கள் நிரந்தர வேலையைத் தின்கிற பூதமும், ஆலைக்கு வெளியே உங்கள் பிள்ளையைக் கூலியில்லாமல் அலைய வைக்கிற பூதமும் ஒன்றேதான். "இவன் தொழிலாளி அல்ல, பயிற்சியாளன்" என்ற ஒரே மந்திரத்தால்தான் அந்தப் பூதம் உயிர் வாழ்கிறது.

கட்டாயம் உண்டு, கூலி இல்லை

பயிற்சியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. படித்தவன் கையில் எண்ணெய் படவேண்டும். புத்தகத்தில் கண்டதை யந்திரத்தில் காணவேண்டும். அதைத் தொழிலாளி வர்க்கம் வரவேற்கிறது. ஆனால் அந்தப் பயிற்சிக்கான செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் கேள்வி.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் 2018-இல் வகுத்த மாதிரிப் பாடத்திட்டப்படி, எஞ்சினியரிங் மாணவர் படிப்பு முடிவதற்குள் 600 முதல் 700 மணி நேரம் பயிற்சி பெறவேண்டும். எட்டு மணி நேர ஷிப்டாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 75 முதல் 87 ஷிப்டுகள்! இத்தனை ஷிப்டுகளுக்கும் கூலி கொடுத்தே தீரவேண்டும் என்று கம்பெனியைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஏதாவது உண்டா? கிடையாது. மாணவனுக்குக் கட்டாயம், முதலாளிக்கு இஷ்டம்!

இந்த 75 ஷிப்டுகளை யாரால் இனாமாகக் கொடுக்க முடியும்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளையால் முடியும். நம் பிள்ளையால்? விம்கோ நகரிலிருந்து தரமணிக்கோ சிறுசேரிக்கோ தினமும் போய் வருகிற செலவு ஒரு பக்கம். மதியச் சாப்பாடு ஒரு பக்கம். கோடை விடுமுறை என்றால் ஏழை மாணவனுக்கு அது விடுமுறை அல்ல. ஓட்டலிலோ கிடங்கிலோ வேலை பார்த்து அடுத்த வருஷத்துக் கட்டணத்தைச் சேர்க்கிற காலம். மீனவர் வீட்டு நிலைமையைச் சொல்லவே வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது என்று தடை. வீட்டில் வருமானம் நின்றுபோகிற அதே நாட்களில்தான் மகள் கூலியில்லாப் பயிற்சிக்குப் போகவேண்டும்!

இடம் கிடைக்காத பிள்ளைகளை வளைத்துப் பிடிக்க வேறொரு கூட்டம் வலை விரித்திருக்கிறது. பணம் கட்டினால் போதும், பயிற்சிச் சான்றிதழ் அச்சடித்துத் தருகிறார்கள். வேலை செய்கிறவன் கூலி வாங்கிய காலம் போய், வேலை செய்ததாகக் காட்டிக்கொள்ள அவனே பணம் கட்டுகிற காலம் வந்திருக்கிறது!

இதைத் தட்டிக் கேட்டால் கனவான்கள் சொல்கிற பதில் ஒன்றுதான்: "அனுபவம் கிடைக்கிறதே, அதுதானே பெரிய கூலி?"

கிராமத்துத் தோழர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. பண்ணையாளின் பிள்ளையை மிராசுதார் மாட்டுக் கொட்டகையில் விட்டபோது, "பையன் வேலை பழகட்டும்" என்றுதான் சொன்னார்கள். ஒருவேளைக் கூழுக்கு அவன் வருஷம் முழுவதும் மாடு மேய்த்தான். சாணி வாரினது அவன். பழகிக்கொண்டது மிராசுதார், கூலி கொடுக்காமல் வேலை வாங்குவது எப்படி என்று! கொட்டகை போய்க் கண்ணாடிக் கட்டிடம் வந்திருக்கிறது. பேச்சு மாறவில்லை.

சட்டத்தில் ஒரு வரி

இப்போது ஆலைக்குள் வருவோம். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-ஆவது பிரிவு சொல்கிறது: அப்ரண்டிஸ் பயிற்சி பெறுகிறவரே தவிர, தொழிலாளி அல்ல; தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. ஆனால் 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் 'தொழிலாளி' என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுத்தபோது அப்ரண்டிஸையும் சேர்த்தே சொல்லியிருந்தது. அந்தச் சிறு பிடிமானமும் பொறுக்கவில்லை மத்திய சர்க்காருக்கு. 2025 நவம்பர் 21-ஆம் தேதி அமலுக்குக் கொண்டுவந்த தொழில் உறவுகள் தொகுப்பில், சட்டப்படியான அப்ரண்டிஸ் 'தொழிலாளி' அல்ல என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள்.

இதனால் யாருக்கு லாபம்? 2019-இல் திருத்திய விதிகளின்படி ஒரு நிறுவனம் தன் மொத்த ஆட்களில் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை வைத்துக்கொள்ளலாம். உதவித்தொகை படிப்புக்குத் தக்கபடி மாதம் 5,000 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய் வரை என்று அப்போது நிர்ணயித்தார்கள். 36 சதவீதம் உயர்த்தலாம் என்று மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் பரிந்துரை செய்ததே 2025 மே மாதத்தில்தான். இடையே ஆறு வருஷம்! அரிசி விலை ஆறு வருஷம் காத்திருந்ததா? தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டம் 2016-இல் வந்தபோது, இந்த உதவித்தொகையிலும் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, சர்க்காரே ஏற்றுக்கொண்டது.

தமிழ்நாட்டில் 1981-இல் ஒரு சட்டம் வந்தது. 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம் என்பது அதன் சாரம். அந்த 480-ஆவது நாள் முதலாளிக்கு எமகண்டம். ஆகவே 'தொழிலாளி' என்ற பெயரையே எடுத்துவிட்டால் நாள் எண்ணும் தொல்லை இல்லையல்லவா?

2024 ஜூலை பட்ஜெட்டில் இன்னொரு ஆரவாரம். ஐந்து வருஷத்தில் ஒரு கோடி வாலிபர்களுக்கு 500 பெரிய கம்பெனிகளில் இன்டர்ன்ஷிப்! மாதம் 5,000 ரூபாய். அதில் மக்கள் பணம் 4,500. கம்பெனியின் பங்கு 500. நாளொன்றுக்கு 20 ரூபாய்கூட இல்லை. ஒரு டம்ளர் டீயும் வடையும் வாங்கினால் தீர்ந்தது. அதையும் சமூகப் பொறுப்பு நிதி என்று சட்டப்படி ஒதுக்கவேண்டிய பணத்திலேயே காட்டிக்கொள்ளலாம்! முதல் சுற்றில் என்ன நடந்தது? கம்பெனிகள் அறிவித்த இடங்கள் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம். அழைப்புகள் சுமார் 82 ஆயிரம். சம்மதித்தவர்கள் சுமார் 28 ஆயிரம். கடைசியில் போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 8,700 பேர்தான். வாலிபர்கள் சோம்பேறிகளா? ஊர்விட்டு ஊர் போய் வாடகை கொடுத்து 5,000 ரூபாயில் வாழ முடியாது என்று அவர்களுக்குக் கணக்குத் தெரியும்.

எதிரி யார்?

2025 செப்டம்பரில் திருவொற்றியூர் எம்.ஆர்.எஃப். டயர் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மருத்துவக் காப்பீட்டுப் பிரச்சினையோடு, தேசிய அப்ரண்டிஸ் திட்டத்தின் கீழ் ஆட்களைக் கொண்டுவருவதும் அந்தப் போராட்டத்தின் காரணங்களில் ஒன்று. நிரந்தர வேலைக்கு வைக்கிற உலையைத் தொழிலாளி அடையாளம் கண்டுகொண்டான் என்பதற்கு இது சாட்சி.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. எந்த ஆலையானாலும் சரி, பயிற்சிச் சீருடையோடு உள்ளே நுழைகிற பையனை முறைத்துப் பார்க்கிற வழக்கம் கூடாது. அவன் யார்? போன வருஷம் இன்டர்ன்ஷிப் தேடி அலைந்த அதே பையன்! நேற்று சான்றிதழுக்காக இனாமாக உழைத்தான். இன்று 'அப்ரண்டிஸ்' என்ற பெயரில் அரைக்கூலிக்கு உழைக்கிறான். நாளை காண்ட்ராக்டரின் பட்டியலில் நிற்பான். அவன் நம் வேலையைப் பிடுங்க வந்தவனல்ல. நம் வேலையைப் பிடுங்க முதலாளி பயன்படுத்துகிற கருவி. கருவியாக இருப்பதா, தோழனாக மாறுவதா என்பது நாம் அவனிடம் போய்ப் பேசுவதைப் பொறுத்தது.

பேசும்போது நிர்வாகம் சொல்லாததைச் சொல்லுங்கள். அதே 1961 சட்டத்தில் அப்ரண்டிஸுக்குச் சுகாதாரமும் பாதுகாப்பும் உண்டு. வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு உண்டு. மற்றத் தகுதிகள் சமமாயிருந்தால் பயிற்சி முடித்தவருக்கே முன்னுரிமை என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

துறைமுகத்துக் குமாஸ்தா

"ஆலைப் பயிற்சி வேறு; ஆராய்ச்சி வேறு. அறிவுத் தாகம் உள்ளவன் பணத்தைப் பார்ப்பானா?" என்று உபதேசம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் துறைமுகமே பதில் சொல்லும்.

1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுக டிரஸ்டில் ஒரு வாலிபர் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். கல்லூரித் தேர்வில் தேறாதவர், பட்டமில்லாதவர். கணித மேதை ராமானுஜன்தான் அவர். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சி மாணவர் இடம் கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை, மாதம் 75 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு! குமாஸ்தா சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு. அந்தப் பணம்தான் அவரைக் கணக்குப் பேரேட்டிலிருந்து விடுவித்துக் கணிதத்துக்குக் கொடுத்தது. மேதைக்கும் வயிறு உண்டு என்று நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. இன்றைய கனவான்களுக்குத் தெரியவில்லை!

அவருக்கும் பெரிய அதிகாரிகளின் சிபாரிசு தேவைப்பட்டது. இன்றும் அதே கதைதான். பேராசிரியர்களுக்கு நூறு கடிதம் எழுதினால் ஒன்றுக்குப் பதில் வரும். அதுவும் பேர்பெற்ற கல்லூரி மாணவனுக்கு. வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கல்லூரியிலும், பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியிலும் படிக்கிற நம் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்ய யார் இருக்கிறார்கள்? முடியாத காரியமா இது? நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து ஒவ்வொரு வருஷமும் கோடைக்கால ஆராய்ச்சிக்கு மாணவர்களை எடுத்து, உதவித்தொகையும் ரயில் கட்டணமும் கொடுக்கின்றன. வழி இருக்கிறது, வாசல்தான் குறுகல்.

சென்னையின் வரைபடத்தைப் பாருங்கள். தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில், ஐ.ஐ.டி. கிண்டிப் பக்கம், கணித அறிவியல் நிலையம் தரமணியில். அனல் மின்சாரமும் எண்ணெய் சுத்திகரிப்பும் உரமும் நிலக்கரியும் எண்ணூரிலும் மணலியிலும். தெற்கே ஆராய்ச்சி, வடக்கே புகை! 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தை மூடியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஜனங்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். அந்தத் தண்ணீரையும் காற்றையும் சேற்றையும் பரிசோதிக்க எண்ணூர்ப் பிள்ளைகளைச் சம்பளம் கொடுத்து ஏன் நியமிக்கக் கூடாது? முகத்துவாரத்தின் நீரோட்டம் மீனவரின் மகளுக்குத் தெரிந்ததைவிட யாருக்குத் தெரியும்? விஷத்தைச் சுவாசிக்கும் உரிமை நமக்கு, அதை ஆராயும் உரிமை வேறு யாருக்கோ என்பது என்ன நியாயம்?

நாம் கேட்பது

ஆகவே நாம் கோருகிறோம்:

பயிற்சி கட்டாயமென்றால் கூலியும் கட்டாயம். சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்கு ஒரு பைசாவும் குறையக் கூடாது.

பயிற்சி இடம் தேடித் தருவது கல்லூரியின் பொறுப்பு. இடம் கிடைக்கவில்லை என்று எந்த மாணவரின் பட்டத்தையும் நிறுத்தக் கூடாது. பணம் வாங்கிச் சான்றிதழ் விற்பது குற்றமாக்கப்பட வேண்டும்.

வடசென்னை ஆலைகளும் துறைமுகங்களும் இப்பகுதி அரசுக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும். எண்ணூர்க் காற்றையும் நீரையும் ஆராயும் பணியிடங்களுக்கு மாசு செய்கிறவர்களே பணம் கட்ட வேண்டும்.

நிரந்தர உற்பத்தியில் பயிற்சியாளரை நிறுத்தக் கூடாது. பயிற்சி முடித்தவருக்கு வேலையில் முன்னுரிமை வேண்டும். 'தொழிலாளி' என்ற விளக்கத்தில் அப்ரண்டிஸை மீண்டும் சேர்க்க வேண்டும்.

"கூலி கேட்டால் கம்பெனிகள் பயிற்சியே தரமாட்டா" என்று பயமுறுத்துவார்கள். வேலை இல்லாமலா இத்தனை பேரை உள்ளே எடுக்கிறார்கள்? வேலை இருக்கிறது, கூலிதான் இல்லை.

"சட்டத்தில் இடமில்லையே, பயிற்சியாளரைச் சங்கத்தில் எப்படிச் சேர்ப்பது?" என்று நம்மவர்களே தயங்குவார்கள். 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி பெரம்பூரில் பி அண்டு சி மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தபோது எந்தச் சட்டத்தில் இடமிருந்தது? மில் முதலாளிகள் உயர் நீதிமன்றத்தில் சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடையுத்தரவே வாங்கினார்கள். தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1926-இல். சட்டம் வந்து சங்கம் பிறக்கவில்லை. சங்கம் பிறந்து சட்டத்தை வரவழைத்தது!

தோழர்களே! இந்தக் கோடையில் உங்கள் தெருவில் இன்டர்ன்ஷிப் தேடும் மாணவ மாணவியரைக் கூப்பிடுங்கள். சங்க அலுவலகக் கதவை அவர்களுக்குத் திறந்து வையுங்கள். எங்கே, எத்தனை மணி நேரம், என்ன வேலை, எவ்வளவு கூலி என்று கேட்டு எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு கல்லூரி வாசலுக்கும் ஆலை வாசலுக்கும் சேர்ந்தே போவோம். உழைக்கிற கை எதுவானாலும் அது தொழிலாளியின் கை!