மடை திறந்தும் நீர் வராதது ஏன்?

இக்காலத்து இல்லங்களில் அடிக்கடி நேரும் சங்கடம் ஒன்று உண்டு. கைப்பேசியில் வைஃபையின் வளைவுகள் குறைவின்றித் தெரிகின்றன. ஆனால் கூடவே, “இணைக்கப்பட்டது, இன்டர்நெட் இல்லை” என்னும் வாசகமும் அசையாமல் நிற்கிறது. உண்டு என்றும் இல்லை என்றும் ஒரே மூச்சில் சொல்லும் இவ்வாசகத்தைக் கண்டு வீட்டார் திகைப்பது இயல்பே. திகைத்தபின் செய்யும் காரியங்கள்தாம் சரியில்லை. ஒருவர் பெட்டியைத் தட்டுகிறார். ஒருவர் எல்லாக் கம்பிகளையும் பிடுங்கி மாட்டுகிறார். வேறொருவர் கம்பெனியைத் திட்டுகிறார். பழுது எந்த இடத்தில் என்று கேட்பாரைத்தான் காணோம். அந்தக் கேள்வியை முதலில் கேட்டால் பாதி வேலை முடிந்தது என்பதே இவ்வாரம் நாம் சொல்ல விரும்புவது.

படப்பையைப் போன்ற ஊரில் இதை விளங்கவைப்பது கடினமன்று. நம்முடைய சீமை ஏரிகளின் சீமை. ஏரியிலே நீர் இருக்க வேண்டும். மதகு திறந்திருக்க வேண்டும். கால்வாய் தூர்ந்துபோகாமல் இருக்க வேண்டும். கடைசியாக வயலின் மடையையும் திறக்க வேண்டும். மடையைத் திறந்துவிட்டோமே, நீர் எங்கே என்று வரப்பில் நின்று கூவுவதால் பயன் என்ன? வைஃபை என்பது அந்த வயல் மடை மாத்திரமே. கைப்பேசிக்கும் கூடத்திலுள்ள ரௌட்டர் பெட்டிக்கும் இடையே சில கஜ தூரத்து உறவைத்தான் அந்த வளைவுகள் காட்டுகின்றன. பெட்டிக்கு அப்பால், வண்டலூர் - வாலாஜாபாத் சாலையோரம் வரும் ஃபைபர் இழை, கம்பெனியின் நிலையம், சென்னைக் கடற்கரையில் இறங்கிச் சிங்கப்பூர் முதலிய தேசங்களுக்குச் செல்லும் கடலடித் தடங்கள் என்று பாதை நீண்டுகொண்டே போகிறது. அதில் எங்கே அடைப்பு என்பதை மடை ஒருநாளும் சொல்லாது.

ஆகையால் அருகிலிருந்து தொடங்கி, ஒவ்வோர் இடமாகக் கேட்டுக்கொண்டு போவதே முறை.

முதற் கேள்வி: கோளாறு ஒரு கருவிக்கா, எல்லாவற்றுக்குமா? வீட்டிலுள்ள மற்றொரு கைப்பேசியை எடுத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். ஒன்றுக்கு மட்டும் என்றால் குற்றம் அதனுடையது. அதன் தேதியும் மணியும் சரியாயிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நாள் தவறிய கருவியைப் பாதுகாப்பான தளங்கள் ஏற்றுக்கொள்வதில்லை. இது பலர் அறியாத விஷயம். வி.பி.என். என்னும் செயலி ஏதேனும் ஓடினால் நிறுத்திப் பார்க்கலாம். பிறகு, அந்த வைஃபையின் பெயரை ‘மறந்துவிடு’ என்று கட்டளையிட்டு, கடவுச்சொல்லைப் புதிதாகக் கொடுக்கலாம். பிள்ளைகளின் பொருட்டு யாரேனும் பெட்டியிலேயே ஒரு கருவிக்குத் தடை விதித்துவிட்டு, விதித்ததை மறந்திருப்பதும் உண்டு.

எல்லாக் கருவிகளுக்கும் இல்லை என்றால் பெட்டியின் விளக்குகளை நோக்க வேண்டும். ஃபைபர் இணைப்புள்ள பெட்டியில் எல்.ஓ.எஸ். என்றொரு விளக்கு உண்டு. அது சிவப்பாக எரிந்தால் இழையின் வழியே ஒளி வரவில்லை என்பது பொருள். சுவரோரம் இழை மடிந்திருக்கலாம். அல்லது கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் இழையை உயரமான லாரி அறுத்திருக்கலாம். சாலை தோண்டுகையில் துண்டித்திருக்கலாம். கண்ணாடி இழையை ஒட்டவைப்பதற்குத் தனி யந்திரம் வேண்டும். வீட்டு வைத்தியம் இதற்கில்லை. கம்பெனிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதே வழி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர், மேற்குத் தாம்பரம் பக்கங்களில் வெள்ளம் சூழ்ந்து மின்சாரமே நின்றது. அத்தகைய வேளையில் பெட்டியை ஆராய்ந்து ஆவதொன்றுமில்லை.

சிவப்பு விளக்கு இல்லை, பி.ஓ.என். என்னும் பச்சை விளக்கும் நிலையாக எரிகிறது என்றால் கால்வாய் சரி. இப்போது பெட்டியை அணைத்து, ஒரு நிமிஷம் கழித்து ஏற்றி, நாலைந்து நிமிஷம் பொறுக்க வேண்டும். இரண்டு பெட்டிகள் உள்ள வீட்டில், இழை வந்து சேரும் பெட்டியை முதலிலும் வைஃபை தருவதைப் பின்னரும் ஏற்றுவது நலம். அதற்கும் மசியாவிட்டால் சந்தாத் தவணை தீர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். மதகை மூடுவது பெரும்பாலும் இதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெட்டியின் பின்புறம் ஊசிமுனை அளவில் ஒரு துளை இருக்கும். அதில் குண்டூசியைச் செருகி அழுத்தினால் எல்லாம் சரியாகும் என்று அண்டைவீட்டார் உபதேசிப்பார்கள். அணைத்து ஏற்றுவது வேறு, இது வேறு. பல கம்பெனிகளின் பெட்டிகளில், இணைப்புக்குரிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உள்ளே பதிந்திருக்கின்றன. துளையை அழுத்தினால் வைஃபையின் பெயரோடு அவையும் அழிந்துபோகும். தானே தீர்ந்திருக்கக்கூடிய அரைமணிக் கோளாறு, ஆள் வந்து தீர்க்கவேண்டிய இரண்டு நாள் கோளாறாகிவிடும்.

இனி முகவரி விஷயம். பெட்டி ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணை வழங்குகிறது. வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். கணினியில் 169.254 என்று தொடங்கினால், பெட்டியிடமிருந்து எண் கிடைக்காமல் கணினி தனக்குத்தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று அறியலாம். எண் சரியாயிருந்தும் தளங்கள் திறக்கவில்லையென்றால் பெயர்ப்பட்டியலைச் சந்தேகிக்க வேண்டும். நாம் பெயரைத் தட்டுகிறோம்; யந்திரங்களோ எண்ணால்தான் ஒன்றையொன்று அறியும். பெயரை எண்ணாக்கித் தரும் டி.என்.எஸ். ஏற்பாட்டை 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்கர் வகுத்தார். அது பழுதானால், வழி திறந்திருந்தும் ஊர் தெரியாது.   அமைப்பில் டி.என்.எஸ். என்னுமிடத்தில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றினால் அநேகமாகத் தீர்ந்துவிடும்.

எதற்கும் தீராவிடில் கம்பெனியை அழைக்க வேண்டும். அந்த எண்ணைப் பழைய பில்லிலிருந்து எடுக்க வேண்டுமேயன்றி இன்டர்நெட்டில் தேடி எடுக்கலாகாது. போலி எண்களை அங்கே விதைத்துவைத்துக் காத்திருப்போர் பலர். ஏதோ ஒரு செயலியை இறக்கச் சொல்லி, ஓ.டி.பி.யைக் கேட்டால் பேச்சை அங்கேயே முறித்துவிடுங்கள். பணம் போய்விட்டாலோ, தாமதியாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். கம்பெனியிடம் சொன்ன புகாருக்குப் பதிவு எண் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012-ஆம் வருஷத்து விதிகளின்படி, குறை தீராவிடில் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம்.

இவ்வளவு விஸ்தாரம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2018 முதல் தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு இணையவழியே நடக்கிறது. கல்லூரிகளின் வரிசையை மாணவரே குறித்த நாளுக்குள் பதிய வேண்டும். பன்னிரண்டு வருஷப் படிப்பின் பலன் அன்று ஒரு சிறு பெட்டியின் விளக்கைப் பார்த்து நிற்கிறது. அத்தகைய நாளில் கைப்பேசியின் சொந்த டேட்டாவைப் பகிர்ந்து வேலையை முடிக்கலாம். அரசு அமைத்துள்ள உதவி மையத்துக்கும் செல்லலாம். ஆனால் இவற்றை அறிந்திருப்பவன் ஒரே பிள்ளையாகவும், அவன் ஒரகடத்துத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டிலும் இருந்தால், வீட்டிலுள்ள தாயும் தங்கையும் என்ன செய்வார்கள்?

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். சந்தா எண், பயனர் பெயர், கம்பெனியின் தொலைபேசி எண், தவணை முடியும் தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பீரோவில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். பெட்டியின் விளக்குகள் நல்ல நாளில் எந்த நிறத்தில் எரிகின்றன என்று வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும், பாட்டி உட்பட, காட்டிக்கொடுங்கள். நல்ல நாளின் நிறம் தெரிந்தவருக்குத்தான் கெட்ட நாளில் எது மாறியது என்று தெரியும்.