பீடி முடியட்டும்!

பஸ் பத்து நிமிஷம் லேட்டானால் பதினைந்து தரம் வாட்ச் பார்க்கிற ரகம் நான். அப்பேர்ப்பட்ட எனக்குப் போன பொங்கலுக்குக் கெங்கவல்லியில் பெரியப்பா கிளாஸ் எடுத்தார். சப்ஜெக்ட்: சுடுபட்ட மானைத் தேடிப் பிடிப்பது எப்படி!

(பதற வேண்டாம் சார். அவருக்கு இப்போது வயசு 76. இதெல்லாம் 1972-ல் வன உயிரினச் சட்டம் வருவதற்கு முந்தின கதை. இன்றைக்குச் சுட்டால் ஜெயில்தான்.)

"குண்டு பட்டதும் மான் பொத்துனு விழுந்துடும்னு நினைச்சியா? நெஞ்சுல பட்டதே நூறு கஜம் ஓடும்டா."

"உடனே பின்னாலேயே ஓடணுமா பெரியப்பா?"

"ஓடினா போச்சு! உட்காந்து பீடி பத்த வைக்கணும். குறைஞ்சது அரை மணி. துரத்தலேன்னா பக்கத்துப் புதர்லயே படுத்துக்கும். துரத்தினா, உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு மைல் கணக்கா ஓடிடும்."

அப்புறம் ரத்தப் பரிசோதனை. நுரையோடு இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரல். மான் கிட்டத்தில்தான் கிடக்கும். கறுஞ்சிவப்பு என்றால் ஈரல். ரெண்டு மூணு மணி நேரம் பொறுக்கணும். பச்சையாக, நாற்றத்தோடு இருந்தால் குடல். அரை நாள்கூட ஆகலாம். கடைசிச் சொட்டு கிடந்த இடத்தில் ஒரு ஆளை நிறுத்திவிட்டு, அடுத்த சொட்டைத் தேட வேண்டும். சொட்டை மிதித்துவிட்டால் தடம் காலி.

பக்கத்துக் கொல்லிமலை வல்வில் ஓரிக்கு இந்தத் தொல்லையே இல்லை. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் ஒரே அம்பில் துளைத்தான் என்கிறது புறநானூறு. பெரியப்பாவிடம் இருந்ததோ நாட்டுத் துப்பாக்கி!

"பத்தொம்பது வயசுல, பச்சைமலை அடிவாரத்துல ஒரு புள்ளிமான். குடல்ல பட்டுடுச்சு. காலைல போலாம்டான்னார் எங்க தாத்தா. நான் கேக்கலை. டார்ச்சை எடுத்துக்கிட்டுப் போனேன். படுத்திருந்தது எழுந்து ஓடுச்சு. கல்லுல குளம்புச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. நாலாம் நாள் கழுகு வட்டம் போட்டப்பதான் இடம் தெரிஞ்சுது." கொஞ்ச நேரம் பேசவில்லை. "உசுரு எப்பப் போச்சோ..."

போன கோடையில் தண்ணீர் தேடி வந்த ஒரு மான், நாய்க்கடியோடு அவர் கரும்புக் காட்டுக்குள் புகுந்துவிட்டதாம். காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று பையன்கள் செல்போனும் கையுமாகப் பாய்ந்திருக்கிறார்கள். துரத்தித் துரத்தியே மான் செத்துப்போகும் என்பது அவர்களுக்குத் தெரியாது. காயமே வேண்டாம், பயமும் ஓட்டமுமே போதும்.

"உட்காருங்கடா எல்லாரும்!" பெரியப்பா போட்ட சத்தத்தில் நாய்கள்கூட உட்கார்ந்ததாகப் பெரியம்மா சாட்சி சொல்கிறாள். வனத்துறை ஆட்கள் வந்துசேர ஒன்றரை மணி நேரம். மான் இருந்த இடத்திலேயே இருந்தது. கண்ணைத் துண்டால் மூடித் தூக்கிப்போனார்கள்.

"பொழைச்சுதா பெரியப்பா?"

"பொழைச்சுடுச்சாம். பத்து நாள் போன் பண்ணிக் கேட்டேன்."

"அந்த ஒன்றரை மணி நேரம் எத்தனை பீடி?"

"அதான் எப்பவோ விட்டுட்டேனே! வெத்தலைதான்."

மறுநாள் ஆத்தூர் பஸ் அரை மணி லேட். நான் வாட்சே பார்க்கவில்லை. சரி சார், நாலு தரம் பார்த்தேன்.